களத்துமேட்டுச் சுதந்திரம்

'சுதந்திரம்' என்னும் சொல்லைக் கேட்டதும் இன்று நம் நினைவுக்கு வருவன கொடியும் ஆகஸ்டு மாதமும். இருநூறு ஆண்டுகளுக்கு முன், தொண்டைமண்டலத்துச் சிற்றூர் ஒன்றில் இதே சொல்லைக் கேட்டவர் களத்துமேட்டைத் திரும்பிப் பார்த்திருப்பார். அறுவடை நெல்லிலிருந்து ஊர்த்தொழில் செய்வோர்க்கு உரிமையாக அளந்து தரப்பட்ட பங்குக்கு அங்கே சுதந்திரம் என்று பெயர். 'மேரை' என்ற பெயரும் உண்டு. அப்பழைய பொருளைப் பின்தொடர்ந்து சென்றால் ஒரு வட்டாரத்தின் அன்றாட வாழ்வையே காணலாம்.

செங்கல்பட்டும் காஞ்சிபுரமும் சூழ்ந்த நிலம் ஏரிகளை நம்பியது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். வடகிழக்குப் பருவமழை தரும் நீரைச் சில வாரங்களுக்குள் தேக்கிக்கொண்டால்தான் சோறு. ஆகவே ஏரி வெட்டுவது இங்கே அரசனின் அறமாயிற்று. மகேந்திரவாடிக் குடைவரைக் கல்வெட்டு, முதலாம் மகேந்திரவர்மன் பெயரால் அமைந்த ஏரியைக் குறிப்பிடுகிறது. உத்திரமேரூர் ஏரி, பல்லவர் பட்டப்பெயரால் வயிரமேக தடாகம் என வழங்கிற்று.

வெட்டியவன் அரசன், காத்தது ஊர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. அம்முறையில் தேர்ந்த வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று என்பதை நாம் அவ்வளவாக நினைவில் கொள்வதில்லை. உறுப்பினர் அறுவர், பதவிக்காலம் 360 நாள். ஏரியைப் பேணுவதற்கென்றே விடப்பட்ட நிலத்துக்கு 'ஏரிப்பட்டி' என்று பெயர். அதே கல்வெட்டு வேறொன்றையும் சொல்கிறது. குடவோலையில் பெயர் எழுதப்பெறுவதற்கு வரி செலுத்தும் சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். ஏரியை ஆளும் உரிமை அவ்வளவில் நின்றது.

எண்ணூறு ஆண்டுகள் கடந்து வருவோம். 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து இவ்வட்டாரத்தைக் கும்பினி ஜாகீராகப் பெற்றது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர், ஏறத்தாழ 2,000 ஊர்களின் நிலம், வீடு, குடிகள், ஏரி, விளைச்சல் ஆகியவற்றைக் கணக்கெடுத்தார். அக்கணக்குகளில் களத்துமேட்டின் ஒழுங்கு தெரிகிறது. கதிரடிக்கும் முன் சில பங்குகள், நெல்லை அளக்கும் முன் சில, அளந்த பின் சில. கோயில், கணக்குப்பிள்ளை, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியான் என ஒவ்வொருவர்க்கும் இவ்வளவு என்று வரையறை இருந்தது. ஏரிக்கும் ஒரு பங்கு இருந்தது. கரையும் மதகும் கலங்கலும் களத்திலிருந்தே செப்பனிடப்பட்டன என்பது இதன் பொருள்.

பங்கு பெற்றோருள் நம் கவனத்துக்குரியவர் நீர்க்கட்டி. மதகைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் என்று பகிர்வதும், மழைநாளில் இரவெல்லாம் கரையைக் காவல் காப்பதும் அவர் பணி. பல ஊர்களில் இப்பணியைச் செய்தவர்கள் நிலமற்ற தலித்துகள். சொந்த வயல் இல்லாதவர் ஓரவஞ்சனை செய்யமாட்டார் என்று இதற்குக் காரணம் கூறுவர். அடிமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் இடையே நின்று நீதி வழங்கியவருக்குத் தம் பெயரில் ஒரு காணி இல்லை. அந்த நேர்மைக்கான தகுதியே அவருடைய இல்லாமைதான் என்றால், அதைப் பெருமையாகக் கொள்வதா என்ற கேள்வி நம்முன் நிற்கிறது.

கும்பினி, வருவாயைப் பணமாகக் கேட்டது. களத்துப் பங்குகளையும் மானியங்களையும் தனக்கு நேரும் இழப்பாகக் கண்டு குறைத்தது. பங்கு குறையவே பராமரிப்பும் தளர்ந்தது. கரைகள் உடையத் தொடங்கியபின், 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. குடிமராமத்துச் சட்டம் என்று நாம் அழைப்பது இதனையே. வழக்கப்படியான வேலையைச் செய்யத் தவறியவரிடம் பணம் தண்டலாம் என்றது அச்சட்டம். நெல்லைத் தந்து பெற்ற உழைப்பை, நெல்லை நிறுத்திவிட்டுச் சட்டத்தால் பெற முயன்றார்கள். அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது.

பழைய ஒழுங்கை அழித்தவன் அயலான் என்று இவ்விடத்தில் கட்டுரையை முடித்துவிடலாம். பலர் முடித்தும் இருக்கிறார்கள். ஆனால் அதே செங்கல்பட்டின் ஆவணங்கள் நம்மை விடுவதில்லை. இங்கே நிலத்தோடு ஆட்களும் அடிமைகளாகக் கைமாறினர். அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பை நீக்கிய 1843க்குப் பிறகும் படியாள்கள் கடனால் கட்டுண்டே கிடந்தனர். 1891இல் மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை, பறையர்களுக்குக் குடியிருக்கும் மனைகூட உரிமையில்லாத நிலையை அரசின் முன் வைத்தது. அதன் தொடர்ச்சியாக 1892இல் வழங்கத் தொடங்கியவையே பஞ்சமி நிலங்கள். ஏரியின் சேற்றை அள்ளியவருக்குக் களத்தில் மரக்கால் நெல்லுக்கு உரிமை இருந்தது. தாம் நின்ற மண்ணில் உரிமை இருந்ததில்லை.

2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரை மீட்டு, ஆயக்கட்டு விவசாயிகளின் பங்களிப்போடு ஏரிகளைத் தூர்வாரத் தொடங்கியது. பெயர் திரும்பியதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் ஆயக்கட்டில் நிலமுள்ளவர் மட்டுமே 'குடி' என்றால், உத்திரமேரூர்ச் சுவரில் எழுதிய தகுதி விதியே மீண்டும் நடப்புக்கு வருகிறது. பழைய ஊரிடமிருந்து நாம் கற்கவேண்டியது, நீரைக் காப்பவருக்கு விளைச்சலில் உரிமைப் பங்கு உண்டு என்பதை. கற்கக்கூடாதது, அவர் நிலமற்றவராகவே இருக்கவேண்டும் என்று அது எண்ணியதை. சுதந்திரம் என்னும் சொல்லின் இரு பொருளும் ஒரே மனிதருக்குக் கிடைக்கும் ஊரைத் தொண்டைமண்டலம் தன் நெடிய வரலாற்றில் கண்டதாகத் தெரியவில்லை. இனியேனும் காணவேண்டும்.