இசைத்தட்டில் ஏறிய கவசம்

தமிழிசையின் வரலாற்றை எழுதுவோர் பாணரையும் ஓதுவாரையும் போற்றுவர், இசைத்தட்டை எண்ணுவதில்லை. ஆயினும், ஊர்விட்டு ஊர் பெயர்ந்த குடும்பங்களின் வீட்டிற்குள் தமிழைக் கொண்டு சேர்த்த கருவிகளுள் அதற்குத் தனியிடம் உண்டு. அவ்வகையில் சூலமங்கலம் சகோதரிகளின் இசைத்தட்டுகள் நம் சிந்தனைக்குரியன.

தஞ்சை மண்ணில், அய்யம்பேட்டையை அடுத்துள்ள சூலமங்கலம் பாகவத மரபால் பெயர்பெற்ற சிற்றூர். அம்மரபில் இசை பயின்ற ஜெயலட்சுமியும் (1937–2017) அவர்தம் தங்கை ராஜலட்சுமியும் (1940–1992) இணைந்து பாடினர். பெண்கள் இருவர் சேர்ந்து கச்சேரி செய்யும் வழக்கத்தை வளர்த்த முன்னோடிகளுள் அவர்கள் வைத்து எண்ணத்தக்கவர். ராஜலட்சுமி திரையிலும் பாடினார். 1967இல் வெளிவந்த ‘கந்தன் கருணை’ படத்தில் பி. சுசீலாவுடன் அவர் பாடிய பாடலை அறியாத முருகன் அடியார் அரியர்.

எனினும் அச்சகோதரிகளின் பெயரை நிலைநிறுத்தியது கந்த சஷ்டி கவசமே. தேவராய சுவாமிகள் அருளிய அந்நூல் இருநூறுக்கும் மேற்பட்ட அடிகளை உடையது. முழுவதும் பாடி முடிக்க ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும். பழைய 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களே அடங்கும். கீர்த்தனைகளையே சுருக்கிப் பாட நேர்ந்த காலம் அது. நெடிய தோத்திரம் ஒன்றை இடையறாது ஒலிக்கச் செய்தல் அக்கருவியால் இயலாது. 1948இல் அமெரிக்காவில் தோன்றிய நெடுந்தட்டு அத்தடையை நீக்கியது. நிமிடத்திற்கு 33 சுழற்சிக்குச் சற்று மிகுதியாகச் சுழலும் அத்தட்டின் ஒரு பக்கம் 20 நிமிடங்களுக்கு மேலும் ஒலிக்கும். பக்தன் பாராயணத்துக்குச் செலவிடும் நேரமும் பொறி தரும் நேரமும் அங்கே ஒன்றாயின. சேலம் கந்தாசிரமத்துச் சாந்தானந்த சுவாமிகள் இயற்றிய கந்த குரு கவசத்தையும் இச்சகோதரிகள் பாடித் தந்தனர்.

அவர்களது பாட்டில் வித்தகம் காட்டும் முயற்சி இல்லை. இரு குரலும் ஒன்றாய் இயைந்து, சொல்லைச் சிதைக்காமல், உடன் பாடுவோர் பின்தங்காத நடையில் செல்கின்றன. கேட்பவரும் பாடலாம் என்னும் அழைப்பு அந்நடையிலேயே உண்டு. ஒலிநாடா வந்தபின் இக்கவசம் தேநீர்க்கடைக்கும் பேருந்துக்கும் கோயில் ஒலிபெருக்கிக்கும் பரவியது.

அத்திபெலேயில் வாழும் நமக்கு இதன் பொருள் தனியானது. ஓசூருக்குச் சில கல் தொலைவில், மாநில எல்லையில் அமைந்தது நம் ஊர். தொழிற்சாலைகளை நாடி கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பகுதிகளிலிருந்து வந்து குடியேறியோர் நம்முள் பலர். நம் பிள்ளைகள் பள்ளியிற் கன்னடமும் ஆங்கிலமும் கற்கின்றனர். அஃது இம்மண்ணுக்கு நாம் செலுத்தும் மதிப்பு. ஆனால் ழகரமும் ளகரமும் பிறழாத செந்தமிழ் அவர்கள் செவியில் விழ, வீட்டைத் தவிர வேறு இடம் எது? எழுதப் படிக்கத் தெரியாத தாயும் தமிழெழுத்தை அறியாத மகனும் ஒரே நூலை மனப்பாடமாகச் சொல்ல வைத்தது இவ்விசைத்தட்டு.

கடல் கடந்த நாட்டிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல்கள் வாழும் ஜமைக்காவில், ‘அபிசீனியன்ஸ்’ என்னும் மூவர் குழு 1969இல் ஒரு ரெகே பாடலைப் பதிவு செய்தது. அதில் எத்தியோப்பியாவின் அம்காரிக் மொழிச் சொற்களைக் கலந்து பாடினர். முன்னோர் கண்டத்தின் மொழியைப் பேசும் வாய்ப்பை இழந்தவர்கள், அதன் ஒலியையேனும் இசைத்தட்டில் பற்றிக்கொண்டனர். அவர்கள் இழந்ததைத் தேடினர். நாமோ இன்னும் இழக்கவில்லை. வேற்றுமை அவ்வளவே; அது சிறிய வேற்றுமையன்று.

இசைத்தட்டு தந்ததோடு ஒன்றை எடுத்துக்கொண்டதையும் மறைத்தல் கூடாது. ஒரே மெட்டு எங்கும் ஒலிக்கத் தொடங்கியபின், பாட்டியர் தத்தமக்கென வைத்திருந்த ஓதும் முறைகள் ஒதுங்கின. பாடிய வாய் கேட்கும் செவியாக மாறிற்று. இன்றோ கைப்பேசியை ஒரு முறை தொட்டால் கவசம் ஒலிக்கிறது. அது பாட, நாம் வேறு வேலை பார்க்கிறோம். சகோதரிகள் இருவரும் மறைந்தனர், குரல் நிற்கிறது. ஆயினும் குரலைக் காக்கும் ஆற்றலே பொறிக்கு உண்டு. மொழியைக் காக்கும் ஆற்றல் அதற்கில்லை.

ஆகவே, செவ்வாயோ வெள்ளியோ ஒரு மாலையில், நூலைக் கையிலெடுத்துப் பிள்ளைகளை அருகே அமர்த்தி, அக்குரல்களோடு நம் குரலையும் சேர்ப்போமாக. பாடி முடித்தபின் கருவியை நிறுத்திவிட்டு, ஓர் அடிக்கேனும் பொருள் சொல்வோமாக. கவசம் என்பது அணிந்துகொள்வதற்கு உரியது. கேட்டு மகிழ்வதற்கு மட்டும் உரியதன்று.