பிரஸ் கேமரா

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செய்தித்தாள் புகைப்படக்காரர்கள் கையில் ஏந்திப் பயன்படுத்திய, மடக்கி எடுத்துச் செல்லக்கூடிய பெருவடிவக் கேமரா. இதில் சுருள் ஃபிலிம் கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் தனியாக ஒரு கண்ணாடித் தகட்டையோ ஃபிலிம் தாளையோ செருக வேண்டும். அமெரிக்காவில் 4×5 அங்குலமும் ஐரோப்பாவில் 9×12 சென்டிமீட்டரும் வழக்கமான அளவுகள். இந்த வகையில் மிகவும் பெயர்பெற்றது அமெரிக்காவின் ஸ்பீட் கிராஃபிக். இந்தியாவில் அதைச் சுமந்து வரலாற்றைப் பதிவு செய்தவர்களில் முதன்மையானவர் ஹோமாய் வியாரவாலா.

பெரிய கேமராக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தது செய்திக்காக அல்ல. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் பொறுப்பேற்ற லின்னேயஸ் ட்ரைப், மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களைக் கொண்டு தஞ்சாவூர், மதுரை, ஸ்ரீரங்கம் கோயில்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிசையை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஒரே நீளப் படமாக்கியது அவருடைய பெரிய சாதனை. சென்னை புகைப்படச் சங்கம் தொடங்கிய ஆண்டு 1857. அன்றைய கேமராக்களுக்கு முக்காலி வேண்டும். எதிரே இருப்பது அசையாமலும் இருக்க வேண்டும். கோயில் அசையாது. கூட்டமும் ஊர்வலமும் அப்படி நிற்குமா?

அசைவைப் பிடிக்க இரண்டு மாற்றங்கள் தேவைப்பட்டன. முன்கூட்டியே தயாரித்து வைக்கக்கூடிய உலர்தகடு 1870களில் வந்தது. தகட்டுக்கு நேர் முன்னால், ஒரு குறுகிய பிளவுள்ள துணித் திரை விரைந்து ஓடும் ஷட்டரை 1880களின் இறுதியில் ஜெர்மானியர் ஒட்டோமார் அன்ஷூட்ஸ் உருவாக்கினார். கோயர்ஸ் நிறுவனம் அதைக் கைக்கேமராவில் பொருத்தி விற்றது. அதே காலத்தில் செய்தித்தாளின் பக்கமும் மாறியது. 1880 மார்ச் 4 அன்று நியூயார்க்கின் டெய்லி கிராஃபிக் இதழில் ஒரு புகைப்படம் புள்ளிகளாகப் பிரிக்கப்பட்டு அச்சானது. இந்த முறையைத்தான் நம் அச்சகங்கள் ‘ஹாஃப்டோன் பிளாக்’ என்றன.

ஏன் இவ்வளவு பெரிய நெகட்டிவ் என்ற கேள்விக்கு விடை கேமராவுக்கு வெளியே, இந்த பிளாக்கில்தான் இருக்கிறது. புகைப்படத்தைக் கண்ணாடித் திரை வழியே மறுபடி படமெடுத்து, துத்தநாகத் தகட்டில் பதித்து, அமிலத்தில் அரித்தால் பிளாக் கிடைக்கும். ஒவ்வொரு படியிலும் நுணுக்கம் குறையும். மட்டரகச் செய்தித்தாளில் மை ஊறும்போது இன்னும் குறையும். மூலப்படம் தெளிவாக இல்லாவிட்டால் பக்கத்தில் முகமே தேறாது. 4×5 அங்குல நெகட்டிவின் பரப்பு ஏறத்தாழ 129 சதுர சென்டிமீட்டர், 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்தின் பரப்பு 9 சதுர சென்டிமீட்டர்கூட இல்லை. அதாவது 15 மடங்கு வித்தியாசம். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒருவர் மறுநாள் முக்கியமானவராகிவிட்டால், அவர் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கலாம்.

ஸ்பீட் கிராஃபிக் 1912இல் ராச்சஸ்டர் நகரிலிருந்து வெளிவந்தது. சில இடைவெளிகளோடும் பல மாற்றங்களோடும் 1973 வரை தயாரானது. பெட்டியின் முன்பலகையைத் திறந்து லென்ஸைத் தண்டவாளத்தில் இழுத்தால் துருத்தி விரியும். பின்புற ஷட்டரின் உச்ச வேகம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெயரில் வேகம் இருந்தாலும் வேலை வேகமானதல்ல. தகட்டுறையைச் செருக வேண்டும், ஷட்டரை ஏற்ற வேண்டும், லென்ஸின் துளை அளவு வைக்க வேண்டும், தூரம் கணிக்க வேண்டும், உறையின் மூடியை உருவ வேண்டும், ஃபிளாஷ் பல்பு மாட்ட வேண்டும். இத்தனைக்கும் பிறகே ‘கிளிக்’. அதன்பின் மூடியைத் திரும்பச் செருகி, உறையைப் புரட்டி, எரிந்து சூடாக இருக்கும் பல்பைக் கழற்றி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓர் உறையில் இரண்டு தாள்கள்தான்.

அதனால் புகைப்படக்காரர் நடக்கப்போவதை முன்பே ஊகித்து நின்றார். யார் எந்த வாசல் வழியே வருவார், வெளிச்சம் எங்கிருந்து விழும், கை எப்போது உயரும் என்பதெல்லாம் மனதில் ஓடி முடிந்திருக்கும். அந்தக் காலப் படங்களில் காணும் கட்டுக்கோப்பு இந்தக் கட்டாயத்திலிருந்து பிறந்தது என்றே கருத வேண்டும். நியூயார்க்கின் இரவுக் குற்றங்களைப் படமெடுத்த வீஜி (ஆர்தர் ஃபெல்லிக்) துளையை எஃப் 16இலும் ஷட்டரை நொடியின் இருநூறில் ஒரு பங்கிலும் தூரத்தைப் பத்து அடியிலும் வைத்துவிட்டு, அந்தப் பத்தடிக்குள் நெருங்குவதிலேயே கவனம் செலுத்தினார். 1937 மே 6 அன்று ஹிண்டன்பர்க் ஆகாயக்கப்பல் தீப்பற்றியபோது, சாம் ஷியருக்குக் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தவே நேரமில்லை. இடுப்பு உயரத்திலிருந்தே அழுத்தினார். 1945 பிப்ரவரி 23 அன்று இவோ ஜிமா தீவில் கொடி ஏறுவதை ஜோ ரோசெந்தால் பிடித்ததும் ஸ்பீட் கிராஃபிக்கில்தான். புலிட்சர் பரிசில் புகைப்படத்துக்கு இடம் கிடைத்த 1942 முதல் பத்தாண்டுக்கு மேல் இந்தக் கேமராவே ஆட்சி செய்தது. 1954இல் அப்பரிசைப் பெற்ற வர்ஜீனியா ஷா பத்திரிகையாளரே அல்ல. கையிலிருந்தது சாதாரண பிரௌனி பெட்டிக் கேமரா.

இந்தியாவில் இதே கேமராவை ஏந்திய ஹோமாய் 1913இல் நவ்சாரியில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்தார், மானெக்ஷா என்பவரிடம் புகைப்படம் கற்று அவரையே மணந்தார். தொடக்கத்தில் அவருடைய படங்கள் கணவர் பெயரில் வெளிவந்தன. 1938இல் பாம்பே கிரானிக்கிள் இதழ் ஒரு படத்துக்கு ஒரு ரூபாய் கொடுத்தது. 1942இல் பிரிட்டிஷ் தகவல் துறை வேலைக்காக இருவரும் டெல்லிக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், பெரும்பாலும் ஆண்களே நிறைந்த புகைப்படக்காரர் கூட்டத்தில், சேலை கட்டிக்கொண்டு பேஸ்மேக்கர் ஸ்பீட் கிராஃபிக்கோடு அவர் நின்றார். கருவிகளைச் சுமந்து சைக்கிளிலும் போனார்.

1947 ஜூனில் பிரிவினைத் திட்டத்துக்குக் காங்கிரஸார் கைதூக்கி ஒப்புதல் தந்த கூட்டம், ஆகஸ்ட் 16 அன்று செங்கோட்டையில் ஏறிய முதல் கொடி, காந்தியின் இறுதி ஊர்வலம், 1956இல் நாதுலா கணவாய் வழியே இந்தியாவுக்குள் வந்த இளம் தலாய் லாமா ஆகியவை அவருடைய நெகட்டிவ்களில் இருக்கின்றன. தலைவர்கள் தம்மை மறந்திருந்த நொடிகளும் இருக்கின்றன: விமானத்தில் ஒரு பெண்மணியின் சிகரெட்டுக்கு நேரு தீ மூட்டும் படம் அப்படிப்பட்டது. இந்தப் பெரிய பெட்டியும் பளீரிடும் பல்பும் யார் கண்ணுக்கும் படாமல் இருந்திருக்க முடியாது. ஆனாலும் எதிரே இருந்தவர்கள் இயல்பாக இருந்தார்கள். அவருடைய மேதைமை இங்கேதான் தெரிகிறது. ‘டால்டா 13’ என்ற புனைபெயரிலும் படங்களை வெளியிட்டார். காந்தியின் அதே இறுதி ஊர்வலத்தை ஹென்றி கார்டியே-பிரெசான் சிறிய லைகா கேமராவில் எடுத்தார். இரண்டு காலங்கள் ஒரே தெருவில் நின்றிருந்தன. ஹோமாய் 1970இல் கேமராவைக் கீழே வைத்தார். 2011இல் பத்ம விபூஷண் பெற்று, 2012 ஜனவரியில் வதோதராவில் காலமானார்.

தமிழ்நாட்டில் திருவள்ளூர், அதை ஒட்டிய மணவாள நகர் போன்ற இடங்களுக்குப் பெருவடிவக் கேமரா அறிமுகமானது செய்தி வழியே அல்ல, ஸ்டுடியோ வழியே. கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு, கல்யாணத்துக்கும் பள்ளிக்கூட குரூப் போட்டோவுக்கும் எடுத்த மரக்கேமரா அது. அந்த மரக்கேமராக்களில் ஒரு பகுதி நம் பக்கத்து மாநிலத்திலேயே செய்யப்பட்டது. 1940களில் கேரளத்தின் ஆலப்புழையில் கே. கருணாகரன் தொடங்கிய வாகீஸ்வரி கேமரா பட்டறை, தேக்கிலும் பித்தளையிலும் செய்த கேமராக்களை நாடு முழுவதும் ஸ்டுடியோக்களுக்கு அனுப்பியது. இந்தியக் கேமரா வரலாற்றில் இந்தப் பெயருக்குத் தரவேண்டிய இடத்தை நாம் இன்னும் தரவில்லை. செய்தித்தாள்களில் அப்போது படங்கள் குறைவு. செய்து வைத்த பிளாக்கையே, தலைவரின் மார்பளவுப் படமாக, மறுபடி மறுபடி போடுவார்கள். ஃபிலிமும் நெடுங்காலம் இறக்குமதிச் சரக்கு. அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் உதகையில் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் விற்றது. அதற்குள் பிரஸ் கேமராவின் காலம் முடிந்துகொண்டிருந்தது.

சிறிய கேமராக்கள் நெடுநாள் காத்திருந்தன. லைகா 1925இலும் ரோலைஃப்ளெக்ஸ் 1929இலும் வந்துவிட்டன. ஆனால் சிறிய நெகட்டிவை நம்பும் அளவுக்கு வேகமான ஃபிலிம் 1954இல் ட்ரை-எக்ஸ் 35 மி.மீ. சுருளாக வந்த பிறகே கைகூடியது. 1959இல் நிக்கான் எஃப் வந்ததும் செய்தி அறைகள் மாறத் தொடங்கின. 36 படங்கள் ஒரே சுருளில். பல்பு கழற்றும் வேலை இல்லை.

சிறிய கேமராவால் என்ன முடிந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு அருகிலேயே இருக்கிறது. மணவாள நகரிலிருந்து தெற்கே போகும் சாலை ஸ்ரீபெரும்புதூரைச் சேர்கிறது. அங்கே 1991 மே 21 இரவு, குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட ராஜீவ் காந்தியின் கடைசி நிமிடங்கள் ஒரு 35 மி.மீ. சினான் கேமராவில் அடுத்தடுத்த படங்களாகப் பதிந்தன. கேமராவைப் பிடித்திருந்தவரும் அதே குண்டுவெடிப்பில் இறந்தார்; ஃபிலிம் பிழைத்து, புலனாய்வின் முதல் பெரிய சான்றானது. ஒரு தாளுக்கு ஒரு படம் என்ற கருவியில் அத்தகைய தொடர்வரிசை கிடைத்திருக்காது.

இன்று பிரஸ் கேமராக்கள் சேகரிப்பாளர்களிடமும், குருகிராமில் 2019இல் திறக்கப்பட்ட மியூசியோ கேமரா போன்ற அருங்காட்சியகங்களிலும் இருக்கின்றன. அமெரிக்கச் செய்திப் புகைப்படக்காரர் டேவிட் பர்னெட், 2004 அதிபர் தேர்தலை வேண்டுமென்றே ஸ்பீட் கிராஃபிக்கில் எடுத்தார். கேமராவைவிட அவசரமாகக் காப்பாற்ற வேண்டியவை நெகட்டிவ்கள். டெல்லிப் புகைப்படக்காரர் குல்வந்த் ராய் 1950களின் இறுதியில் உலகம் சுற்றி எடுத்து, தபாலில் ஊருக்கு அனுப்பிய நெகட்டிவ்கள் வந்து சேரவே இல்லை. எஞ்சிய பெட்டிகள் ஆதித்யா ஆர்யாவால் பாதுகாக்கப்பட்டன. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களை மின்வடிவில் பதிவு செய்தது. நம் ஊர் ஈரப்பதத்தில் கண்ணாடித் தகட்டின் ஜெலட்டினில் பூஞ்சை பிடிக்கும். அசிடேட் தாள் காடி வாடை அடிக்கத் தொடங்கினால் சிதைவு ஆரம்பித்துவிட்டது என்று பொருள். பரணில் இவை கிடைத்தால் தண்ணீர்பட்ட துணியால் துடைக்கக் கூடாது. ஓரத்தைப் பிடித்து எடுத்து, அமிலமற்ற காகித உறையில் தனித்தனியாகப் போட்டு, தகடுகளைச் செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். படத்தில் இருப்பவரின் பெயரையும் ஆண்டையும் தெரிந்தவரிடம் கேட்டு, உறையின் மேல் பென்சிலால் எழுத வேண்டும்.