மாணவர் விடுதியில் பிறந்த மீடியா பிளேயர்

ஒலிநாடாக் காலத்தில் கடைக்குப் போய் ஒரு காசெட் வாங்கி வந்தவர், அது எந்தக் கம்பெனி வெளியிட்டதாயினும், தம் வீட்டு டேப்ரிக்கார்டரில் ஓடுமோ ஓடாதோ என்று ஐயுற்றதில்லை. 1990களில் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்த தலைமுறைக்கோ அந்த நிம்மதி கிட்டவில்லை. இந்தக் கோப்புக்கு ஒரு பிளேயர், அந்தக் கோப்புக்கு வேறொரு பிளேயர் என்று மென்பொருள்களைச் சேகரித்துக்கொண்டும், படம் தெரிந்து சப்தம் வராமலும், சப்தம் வந்து படம் தெரியாமலும் திண்டாடிக்கொண்டும் கழிந்த அந்த நாட்களின் சரித்திரத்தைப் புரட்டினால், இன்று நாம் சர்வ சாதாரணமாகக் கருதும் ஒரு சௌகரியம் எவ்வளவு தற்செயலாக வாய்த்தது என்பது விளங்கும்.

சிக்கலின் மூலம் இதுதான். குறுந்தட்டின் தரத்தில் பதிந்த இசை நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடத்தை அடைத்துக்கொள்ளும். படமோ அதனினும் பன்மடங்கு கேட்கும். ஆகவே அவற்றைச் சுருக்கி வைக்கவும், வேண்டும்போது விரிக்கவும் ஒரு முறை தேவைப்பட்டது; அம்முறைக்கே கோடெக் என்று பெயர். எந்த முறையால் சுருக்கப்பட்டதோ அந்த முறையை அறிந்த பிளேயர்தான் அதை விரிக்க முடியும் என்பதால், முறைக்கு உரியவர் எவரோ அவர் தயவிலேயே கேட்பவரும் பார்ப்பவரும் இருக்க நேர்ந்தது. 1991-ல் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸின் பல்லூடகப் பதிப்பில் மீடியா பிளேயரைச் சேர்த்தது. அவ்வாண்டின் இறுதியில் ஆப்பிள் குவிக்டைமை வெளியிட்டது. 1995-ல் சியாட்டில் நகரிலிருந்து ரியல்ஆடியோ வந்தது. மூன்றும் திறமை வாய்ந்தவையே. ஆயினும் ஒன்றுக்கென அமைந்த கோப்பை மற்றொன்று திறக்க மறுப்பதே பெரும்பாலும் வழக்கமாயிருந்தது.

பாட்டு மட்டும் சற்று முன்னதாகவே இந்தக் கட்டிலிருந்து விடுபட்டது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சிக் கழகத்தார் முக்கியப் பங்கேற்று உருவாக்கிய எம்பி3 முறை, ஒரு நிமிட இசையை ஏறத்தாழ 1 மெகாபைட்டில் அடக்கிக் காட்டியது. ஜஸ்டின் ஃபிராங்கெல் என்ற அமெரிக்க இளைஞர், டிமிட்ரி போல்டிரெவ் என்பவரோடு சேர்ந்து 1997-ல் வெளியிட்ட வினாம்ப், அந்த எம்பி3-ஐ வீட்டுக் கம்ப்யூட்டர்களின் சொத்தாக்கியது. படத்துக்குத்தான் விமோசனம் பிறக்கவில்லை.

அது பிறந்த இடம் ஒரு மாணவர் விடுதி. பாரிஸுக்குத் தெற்கே ஷாத்தனே-மலாப்ரி என்னும் ஊரில் இருந்த எக்கோல் சென்ட்ரல் பாரிஸ் என்ற பொறியியற் கல்லூரியில், விடுதி வளாகத்தின் கணினி வலைப்பின்னலை மாணவர்களே நிர்வகித்து வந்தனர். டோக்கன் ரிங் எனப்படும் அந்தப் பழைய வலையின் மந்தகதியால், அறைக்கு அறை கம்ப்யூட்டர் விளையாட்டு ஆட முடியவில்லையே என்பது அவர்களுடைய மனக்குறை. விளையாடுவதற்கென்று புது வலை கேட்டால் எந்த நிர்வாகம் பணம் தரும்? ஆகவே, அறைதோறும் டிஷ் ஆன்டெனாவும் டீகோடர் பெட்டியும் வைப்பதைவிட, ஒரே ஆன்டெனாவில் பிடித்த தொலைக்காட்சியை வலைவழியே எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் அனுப்பிக் காட்டுவோம் என்ற திட்டத்தை முன்வைத்து, தொழில் நிறுவனத்தாரின் துணையுடன் வேகமான வலையைப் பெற்றுக்கொண்டனர். 1996-ல் தொடங்கிய அம்முயற்சி, 1998-ல் பின்வந்த மாணவர்களால் அடியோடு புதிதாக எழுதப்பட்டு, வீடியோலான் என்ற பெயருடன் வளர்ந்தது. அனுப்பும் முனைக்கு ஒன்றும் பெறும் முனைக்கு ஒன்றுமாக இருந்த இரு மென்பொருள்களில், பெறும் முனைக்குரிய வீடியோலான் கிளையன்ட் என்பதே விஎல்சி. சாலைப் பணியில் வைக்கும் ஆரஞ்சுக் கூம்புகளை அம்மாணவர் சங்கத்தார் வேடிக்கையாகத் திரட்டி வைத்திருந்ததன் ஞாபகமாகவே அதற்குக் கூம்புச் சின்னம் அமைந்தது.

பிறந்த இடத்தின் சுபாவம் அதன் குணத்திலும் படிந்தது. வலைவழியே வரும் படத்தில் துணுக்குகள் வழியில் தொலைவது சகஜமாதலால், குறைபட்டு வருவதையும் இயன்றவரை காட்டிவிட அது ஆதியிலேயே பழகிற்று. பாதி மட்டுமே இறங்கிய கோப்பையும், பழுதுபட்ட கோப்பையும் பிற்காலத்தில் அது பொறுமையுடன் ஓட்டியது இந்தப் பழக்கத்தினாலேயே. லினக்ஸ் முதலிய பல இயக்குதளங்களிலும் ஓட வேண்டியிருந்தமையால், பிறரிடம் கோடெக் கேட்டு நிற்காமல் தனக்கு வேண்டியவற்றைத் தானே சுமந்து சென்றது. 2001 பிப்ரவரி 1-ஆம் தேதி, மாணவர்களின் வேண்டுகோளுக்குக் கல்லூரி இசைந்து, எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் இடந்தரும் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் அதை உலகுக்கு விட்டுக்கொடுத்தது.

அதே ஐரோப்பாவில், அரசியல் அதிகாரமும் இந்த விஷயத்தில் தலையிட்டுப் பார்த்தது. விண்டோஸுடன் மீடியா பிளேயரைச் சேர்த்தே விற்பது போட்டியைக் கெடுக்கிறது என்று கண்ட ஐரோப்பிய ஆணையம், வேறு ஒரு முறைகேட்டையும் சேர்த்து, மைக்ரோசாஃப்டுக்கு 2004-ல் 497 மில்லியன் யூரோ அபராதம் விதித்து, பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்குமாறு கட்டளையிட்டது. அவ்வாறே வந்த பதிப்பை, பிளேயருடன் கூடியதன் விலையிலேயே விற்றதால், வாங்குவார் அரிதாயினர். கட்டளையால் கைகூடாத அந்தத் தேர்வுச் சுதந்திரத்தை, விடுதியில் பிறந்த ஓர் இலவச மென்பொருள் சந்தடியின்றிச் சாதித்தது.

நம் நாட்டிலும் 2022-ல் வீடியோலானின் இணையதளம் சில மாதங்கள் தடைப்பட்டு, நவம்பரில்தான் மீண்டும் திறந்தது. அந்த மாதங்களிலும், முன்னமே வீடுகளில் குடியேறியிருந்த விஎல்சி வழக்கம்போலப் படம் ஓட்டிக்கொண்டுதான் இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பிளேயர் தேர்ந்தெடுப்பவர், அதன் வண்ணத்தையும் வடிவத்தையும் பார்ப்பதற்கு முன், எவர் செய்த கோப்பையும் அது திறக்கிறதா, தன்னைச் செய்தவரின் அனுமதிக்குக் காத்திராமல் ஓடுகிறதா என்ற இரண்டை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.