கடல் கடந்த பொருளும் கைப்பிங் கோபுரங்களும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரண்மனைகளில் மட்டும் தேடுவோர் அதன் பாதியையே காண்பர். மறுபாதி சிற்றூர்களில் உறைகின்றது. சீன நாட்டின் தென்பகுதியில், குவாங்டுங் மாநிலத்தில் உள்ள கைப்பிங் வட்டாரத்து ஊர்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

அங்குச் செல்லும் பயணியின் கண்ணில் முதலிற் படுவது நெல்வயல். அதனையடுத்து மூங்கிற்றோப்பு, குளம், வரிசை பிசகாத ஓட்டு வீடுகள். இவை தென்சீன ஊர்கள் பலவற்றிற்கும் பொதுவானவை. ஆனால், அவ்வீடுகளுக்கு மேலே பல அடுக்குகளாக உயர்ந்து நிற்கும் கோபுரங்களோ இவ்வட்டாரத்தின் தனிச் சிறப்பு. உச்சியில் மேனாட்டு மாளிகைகளை ஒத்த கவிகை மாடங்களும் தூண்களும் வளைவுகளும் பொலிகின்றன. கீழேயோ சிறு சாளரங்கள், இரும்புக் கதவுகள், துப்பாக்கி நீட்டுவதற்கான துளைகள். இவற்றைச் சீனர் ‘தியாவ்லோ’ என்பர். 1,800க்கு மேற்பட்டவை இன்றும் எஞ்சியுள்ளன.

அழகும் அச்சமும் ஒரே கட்டடத்தில் கூடியது எவ்வாறு?

இவற்றுள் மிகப் பழையது சன்மென்லி என்னும் ஊரில் உள்ள யிங்லுங் கோபுரம். மிங் அரசர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், குவான் குலத்தார் இதனைக் கட்டினர். ஆற்று வெள்ளம் பெருகிய போதும், கொள்ளையர் சூழ்ந்த போதும் ஊரார் இதனுள் புகுந்து உயிர் காத்தனர். எனினும், இன்று காணப்படும் கோபுரங்களிற் பெரும்பாலானவை 1920, 1930ஆம் ஆண்டுகளை ஒட்டி எழுந்தவை. அவற்றை எழுப்பிய பொருள் கடல் கடந்து வந்தது.

கைப்பிங், தைசான், சின்ஹுய், என்பிங் ஆகிய நான்கும் சேர்ந்த பகுதியை ‘நான்கு மாவட்டம்’ என்று வழங்குவர். 19ஆம் நூற்றாண்டில் வறுமையும் உட்போரும் அம்மக்களை வெளிநாடுகளுக்கு விரட்டின. சிலர் மலாயாவுக்கு வந்தனர். சிங்கப்பூரில் தைசான் மக்களின் நிங் யோங் சங்கம் 1822லேயே தோன்றிவிட்டது. மிகப் பலர் அமெரிக்கா சென்று தங்கச் சுரங்கங்களிலும், 1869இல் முடிவுற்ற கண்டங்கடக்கும் இருப்புப் பாதையிலும் உழைத்தனர்.

உழைப்பை ஏற்ற நாடுகள் உழைத்தவரை ஏற்கவில்லை. 1882இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர் வருகையைச் சட்டத்தால் தடுத்தது. கனடா 1885இல் தலைக்கு 50 வெள்ளி வரி விதித்து, 1903இல் அதனை 500 வெள்ளியாக உயர்த்தி, 1923இல் கதவையே அடைத்தது. ஆகவே கணவன் அக்கரையிலும் மனைவி மக்கள் இக்கரையிலுமாகக் குடும்பங்கள் பிளவுண்டன. இடையே பாலமாக நின்றவை பணத்தோடு வந்த கடிதங்களே. ‘வெள்ளி மடல்’ எனப்பட்ட அக்கடிதங்களை 2013இல் யுனெஸ்கோ உலக நினைவேட்டில் சேர்த்தது.

அன்போடு அனுப்பிய பணமே ஆபத்தையும் அழைத்து வந்தது. மஞ்சு ஆட்சி வீழ்ந்தபின் அடக்குவாரற்ற கொள்ளையர் வெளிநாட்டுப் பணம் வரும் வீடுகளையே குறி வைத்தனர். 1922ஆம் ஆண்டு டிசம்பரில் கைப்பிங் நடுநிலைப் பள்ளியைத் தாக்கிப் பலரைக் கவர்ந்து சென்றனர். திரும்பும் வழியில், ஒரு கோபுரத்தின் ஒளிவிளக்கு அவர்களைக் காட்டிக் கொடுத்தது. ஊர்க்காவலர் வழிமறித்துப் பள்ளித் தலைவரையும் மாணவர் பலரையும் மீட்டனர். இச்செய்தி எட்டியதும், அக்கரையில் இருந்தோர் மேலும் பொருள் திரட்டிக் கோபுரங்கள் எழுப்பலாயினர்.

கட்டுமானத்திற்கு வேண்டிய சிமெண்டு வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாயிற்று. மக்கள் அதனைச் ‘செம்மயிரர் மண்’ என்றனர். செம்மயிரர் என்பது வெள்ளையரைக் குறிப்பது. நம் நாட்டுச் சீனர் வழங்கும் ‘ஆங் மோ’ என்னும் சொல்லின் பொருளும் அதுவே. கண்டு வந்த கட்டடங்களையும் படங்களையும் மாதிரியாகக் கொண்டு உள்ளூர்க் கொத்தர்களே கட்டினர். ஜின்ஜியாங்லி ஊரில் 1920களில் எழுந்த ருய்ஷி கோபுரம் ஒன்பது அடுக்குடையது.

இக்கோபுரங்கள் போரையும் கண்டன. 1945 ஜூலையில் சிக்கான் அருகே தென் கோபுரத்தில் நின்று ஜப்பானியப் படையை எதிர்த்த சித்து குலத்து வீரர் எழுவர், பிடிபட்டுக் கொல்லப்பட்டனர்.

1943இல் அமெரிக்காவிலும் 1947இல் கனடாவிலும் தடைச் சட்டங்கள் நீங்கின. பிரிந்திருந்த குடும்பங்கள் காலப்போக்கில் அக்கரையில் ஒன்று கூடின. மனைவி மக்களைக் காக்க எழுந்த கோபுரங்கள் ஆளின்றிப் பூட்டப்பட்டன. 2007இல் யுனெஸ்கோ இவ்வூர்களை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. நான்கு ஊர்த் தொகுதிகளில் உள்ள 20 கோபுரங்கள் அதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டன.

காணச் செல்வோர் உச்சியிலுள்ள கவிகை மாடத்தை வியந்து திரும்புவது இயல்பு. ஆனால், இவ்வூர்களின் வரலாறு கீழேயுள்ள இரும்புச் சாளரத்தில் இருக்கின்றது. கட்டியவன் அதனுள் வாழக் கொடுத்து வைத்தவன் அல்லன். வாழ்ந்தவளோ அவன் வரவை நோக்கி அதனைத் திறந்தும், அந்தி சாய்ந்ததும் அஞ்சி அடைத்தும் காலங்கழித்தாள்.