வருக என்றதா, செல்க என்றதா? ‘விசிட் இந்தியா’ சுவரொட்டிகளின் மொழியும் நோக்கும்

1920, 30களில் அச்சான மத்தியதரைக் கடற்கரைச் சுற்றுலாச் சுவரொட்டிகளின் மறுபதிப்புகள் இன்று வரவேற்பறைகளையும் காபிக் கடைகளையும் அழகு செய்கின்றன. அவற்றுக்கு அருகிலேயே ‘விசிட் இந்தியா’ என்ற ரயில்வே சுவரொட்டியும் சட்டமிடப்பட்டுத் தொங்குவதுண்டு. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே தொழிலில் பிறந்தவை. எனினும் பின்னது ஓர் இந்திய வீட்டின் சுவருக்கு வந்து சேரும்போது, அது முதலில் யாரிடம் பேசியது என்னும் கேள்வி எழுகிறது.

பிரான்சின் தென்கரைக்கு ‘கோத் தசூர்’, அதாவது நீலக்கரை, என்னும் பெயர் பரவியது 1887இல் ஸ்தெஃபான் லியெழார் எழுதிய நூலால். அக்காலத்தில் அது குளிருக்கு அஞ்சிய வடநாட்டுச் செல்வர்களின் குளிர்கால ஒதுங்கிடம்; கோடையில் விடுதிகள் மூடிக் கிடந்தன. அதைக் கோடைக் கடற்கரையாக மாற்றியவற்றுள் ரயிலும் விளம்பரமும் அடங்கும். பாரிஸ்–லியோன்–மத்தியதரை ரயில்வே நிறுவனத்துக்காக ரோஜர் புரோடெர்ஸ் வரைந்த சுவரொட்டிகள் இவ்வகையில் பெரும் புகழ் பெற்றவை.

அவற்றின் அழகுக்கு அச்சுமுறையும் ஒரு காரணம். கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல்லோ தகடோ வேண்டும். வண்ணம் கூடினால் செலவும் கூடும். ஆகவே ஓவியர் நுண்ணிய சாயல்களைத் தவிர்த்து, அகன்ற தட்டை வண்ணப் பரப்புகளைக் கொண்டே கடலையும் மலையையும் அமைத்தார். தெருவைக் கடப்பவரின் கண்ணை ஒரு நொடியில் நிறுத்த அச்சிக்கனமே உதவியது. இன்று ‘எளிமையின் கலை’ எனப் போற்றப்படுவது ஒருவகையில் அச்சகக் கணக்கின் விளைவு.

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின், லண்டனிலிருந்து பம்பாய் செல்வோர் பலர் மார்செய் வரை ரயிலிலும் அங்கிருந்து கப்பலிலும் பயணம் செய்தனர். நீலக்கரையின் குளிர்காலமும் இந்தியாவின் சுற்றுலாப் பருவமும் ஒன்றே. ஆகவே இரண்டும் ஏறத்தாழ ஒரே செல்வர் கூட்டத்தை நோக்கி அழைப்பு விடுத்தன. இந்திய ரயில்வேயின் விளம்பரப் பிரிவு லண்டனிலும் நியூயார்க்கிலும் அலுவலகம் நடத்தியது. டோரதி நியூசம், விக்டர் வீவர்ஸ் போன்றோர் அதற்காக வரைந்தனர். இந்தியப் பயணச் சுவரொட்டிகளை வரைந்த வில்லியம் ஸ்பென்சர் பக்தாதோபூலோஸ் பிறந்ததோ கிரேக்கத் தீவான சாக்கிந்தோஸில். மத்தியதரைக் கரையில் பிறந்த ஒருவரின் தூரிகை வழியாகவும் இந்தியா மேலைநாட்டாருக்கு அறிமுகமாயிற்று.

இங்கே அந்த ஆங்கில வினைச்சொல் கவனத்துக்குரியது. ‘விசிட்’ என்பதைச் சொல்பவர் எங்கே நிற்கிறார் என்று அச்சொல் காட்டாது. தமிழில் அந்த மறைப்புக்கு இடமில்லை. ‘இந்தியாவுக்கு வருக’ என்றால் அழைப்பவர் இந்தியாவில் நிற்கிறார். ‘இந்தியாவுக்குச் செல்க’ என்றால் அவர் வேறெங்கோ நிற்கிறார். தொல்காப்பியச் சொல்லதிகாரம் செலவு, வரவு, தரவு, கொடை ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு, வரவும் தரவும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, ஏனைய இரண்டும் படர்க்கைக்கு உரியவை என வகுத்திருக்கிறது. இவ்விலக்கணத்தை வைத்து நோக்கினால், லண்டன் சுவரில் ஒட்டப்பட்ட தாள் ‘வருக’ என்ற விருந்தோம்பலின் தொனியில் ‘செல்க’ என்றது புலப்படும். அழைத்தது இந்தியரின் குரலன்று. படத்தில் வரும் இந்தியர் படித்துறையிலும் கோயில் வாயிலிலும் காட்சியின் பகுதியாக நின்றனர். அவர்கள் முன்னிலை அல்லர், படர்க்கை. அதே ரயில்வேயின் பயணியர் வருவாயில் பெரும்பகுதியைத் தந்த மூன்றாம் வகுப்பினரை இச்சுவரொட்டிகள் விளிக்கவில்லை. அவ்வகுப்பின் அவலத்தைக் காந்தி 1917இல் தனிச் சிறுநூலாக எழுத வேண்டியிருந்தது.

ஹைதராபாத்தில், குறிப்பாகத் தார்நாகாவில், இம்முரண் கூர்மை பெறுகிறது. அப்பகுதியை ஒட்டி ஒருபுறம் உஸ்மானியா பல்கலைக்கழகம். மறுபுறம் நிஜாம் ரயில்வேயின் நினைவைச் சுமக்கும் லாலாகூடா பணிமனை. 1918இல் தோன்றிய அப்பல்கலைக்கழகம் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டது. அதற்காக அமைந்த மொழிபெயர்ப்பகம் அறிவியல் கலைச்சொற்களை உருதுவில் உருவாக்கியது. அஜந்தாவும் எல்லோராவும் அன்று இதே அரசின் எல்லைக்குள் இருந்தன. 1900இல் திறக்கப்பட்ட கோதாவரிப் பள்ளத்தாக்கு ரயில்பாதை ஔரங்காபாத் வழியே சென்று எல்லோராவை நெருங்கிவரச் செய்தது. 1920களின் தொடக்கத்தில் அஜந்தா ஓவியங்களைப் பேண நிஜாம் அரசு இத்தாலிய வல்லுநர்களை வரவழைத்தது. கல்வியைத் தன் நாட்டு மொழியொன்றில் பேசவைக்க ஓர் அரசு முயன்ற அதே ஆண்டுகளில், இந்நாட்டின் காட்சிகளை விற்ற ‘விசிட் இந்தியா’ தாள்கள் ஆங்கிலத்தில் அயலாரை விளித்தன.

குகைச் சுவரின் ஓவியத்துக்குக் கிடைத்த அக்கறை இத்தாள்களுக்குக் கிடைக்கவில்லை. அவை சில வாரங்கள் ஒட்டப்பட்டுக் கிழிக்கப்படுவதற்கென்றே அச்சானவை. எஞ்சியவை பின்னாளில் ஏலப்பொருளாயின. அவற்றின் படங்கள் மறுபதிப்பாயின. மறுபதிப்பில் அடிவிளிம்பு வெட்டப்படும்போது ரயில்வேயின் பெயரும் அலுவலக முகவரியும் அச்சகத்தின் பெயரும் மறைகின்றன. அத்துடன் பேசியவர் யார், கேட்டவர் யார் என்பதற்கான சான்றும் போய்விடுகிறது. அழகு மட்டும் மிஞ்சுகிறது.

இச்சுவரொட்டியை வீட்டில் மாட்டுவது பிழையன்று. ஒருகாலத்தில் படத்துக்குள் படர்க்கையாக நின்றவரின் வழித்தோன்றல் இன்று அதன் முன்னிலையாக நிற்பது வரலாற்றின் ஒரு திருப்பமே. ஆனால் அத்திருப்பம் கண்ணுக்குப் புலப்பட வேண்டுமெனில் அடிவிளிம்பு வெட்டப்படாத படியே சட்டத்துக்குள் இருக்க வேண்டும். வரலாறு கற்போர் படத்துக்கு முன் படிக்க வேண்டியதும் அந்தச் சிற்றெழுத்துகளைத்தான்.