கிராஞ்சிச் சுவரில் ஒரு பெயர்

போரில் மாண்ட வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரைப் பொறித்து வணங்கிய இனம் தமிழினம். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்திப் பாடுவது வரை அந்த நடுகல் மரபைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துச் சொல்கிறது. அத்தகைய மரபில் வந்த நம்மிடையே, இரண்டாம் உலகப் போருக்குச் சென்ற தாத்தா எங்கே வீழ்ந்தார் என்பதே தெரியாத குடும்பங்கள் இருக்கின்றன.

தேடுவோருக்கு ஓர் இடம் உண்டு. அதுதான் சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவகம். 1957 மார்ச் 2ஆம் தேதி திறக்கப்பட்ட இந்நினைவகத்தின் சுவர்களில், கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அதன் பின்புறம் தகன நினைவுச் சின்னம் ஒன்று உள்ளது. சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறக்குறைய 800 பேரை அது நினைவுகூர்கிறது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். ஆகவே, அங்குள்ள கல்லறைகளை மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு திரும்ப வேண்டியதில்லை. சுவர்களையும் பார்க்க வேண்டும்.

1941 டிசம்பர் 8 முதல் 1942 பிப்ரவரி 15 வரை நடந்த மலாயாப் போரில், கோத்தா பாரு, ஜித்ரா, கம்பார், சிலிம் ரிவர் ஆகிய இடங்களில் இந்தியப் படைப் பிரிவுகள் போரிட்டன. தமிழர்கள் திரளாகப் பணியாற்றிய மதராஸ் சேப்பர்ஸ் பொறியாளர் படையும் இப்போரில் பங்கேற்றது. பின்வாங்கும் படைகளுக்கு அவகாசம் கிடைக்கப் பாலங்களைத் தகர்த்தது சேப்பர்களின் வேலை.

முத்துசாமி என்ற பெயரில் பலர் இருக்கலாம். அவர்களில் நம்மவர் யார்? 1917இல் நிறுவப்பட்ட போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகளில், பல இந்திய வீரர்களின் பெயரோடு தந்தை பெயரும் சொந்த ஊரும் குறிக்கப்பட்டுள்ளன. குடும்பப் பெயர் இல்லாத தமிழருக்கு இவ்விரண்டுமே அடையாளம். பதவி, இனம், சமயம் என எந்த வேறுபாடும் காட்டக்கூடாது என்பது அவ்வாணையத்தின் கொள்கையாகும்.

பதிவேடு இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்குச் சயாம் மரண ரயில்பாதையே சாட்சி. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 7,000 பேருக்குக் கல்லறைகள் உள்ளன. அதே பாதையில் மடிந்த ஆயிரக்கணக்கான மலாயாத் தோட்டத் தமிழர்களோ சீருடை அணியாதவர்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறை இல்லை. பல்லாண்டுகள் கழித்து, 2023இல்தான் அங்கே அவர்கள் நினைவாக ஒரு நடுகல் எழுந்தது. கல் கிடைத்தது, பெயர்கள் கிடைக்கவில்லை.

போர்க்காலத்தைக் கண்ட பெரியவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே, போருக்குச் சென்றவரின் பெயர், தந்தை பெயர், ஊர், படைப் பிரிவு ஆகியவற்றைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நவம்பர் மாதம்தோறும் கிராஞ்சியில் மலர்வளையம் வைக்கப்படுகிறது. அங்கே நம் தாத்தாவின் பெயர் இருந்தும், அதைப் படிக்க ஆளில்லை என்ற நிலை வரக்கூடாது.