பெயரை நீக்கினால் ஆள் மறைவாரா? ஸ்பிரிங்க்ளர் வழக்கும் தரவுக் காவலும்

2020 ஏப்ரலில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தைச் சுற்றி எழுந்த ஸ்பிரிங்க்ளர் விவகாரம், ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கதையாகவே இன்றும் பேசப்படுகிறது. கொரோனாக் காலத்தில் வீட்டுத் தனிமையில் இருந்தவர்களின் உடல்நல விவரங்களை, ஆஷா எனப்படும் பெண் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகக் கேட்டுப் பதிந்தார்கள். பதிவுகள் நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அந்நிறுவனத்தின் தளத்துக்குப் போயின. சேவைக்குக் கட்டணம் இல்லை. தகராறு வந்தால் நியூயார்க் நீதிமன்றத்தில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா இதை வெளிக்கொணர்ந்தபோது, அன்றைய தகவல்தொழில்நுட்பத் துறைச் செயலாளர் எம். சிவசங்கர், முடிவு தம்முடையதே என்றும் சட்டத்துறையுடன் கலந்தாலோசிக்கவில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார்.

அரசியல் சர்ச்சை முழுவதும் தரவு யார் கைக்குப் போனது என்பதிலேயே செலவாயிற்று. அந்தத் தரவு எந்த வடிவில், எந்தப் பூட்டுக்குள், எவ்வளவு காலம் இருந்தது என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இது தொடர்பான வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் அன்று நிறுத்திய இரு காவல்களில் ஒன்றான அடையாள நீக்கம் கேரளத்தின் வாழ்க்கை அமைப்புக்கு முன் நிற்காது. மற்றொன்றான ஒப்புதலைப் பின்னால் வந்த சட்டமே அகற்றிவிட்டது. எனவே காவலை வேறு இடத்துக்கு மாற்றியாக வேண்டும்.

பாலு கோபாலகிருஷ்ணன் எதிர் கேரள அரசு வழக்கில், 2020 ஏப்ரல் 24 அன்று, நீதிபதிகள் தேவன் ராமச்சந்திரன், டி.ஆர். ரவி அமர்வு இடைக்கால ஆணை பிறப்பித்தது. திரட்டிய விவரங்களிலிருந்து ஆளை அடையாளம் காட்டுவனவற்றை நீக்கிய பிறகே நிறுவனம் அவற்றைக் காணலாம். மூன்றாம் தரப்பு தம் விவரங்களைப் பார்க்கக்கூடும் என்று குடிமக்களிடம் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். நிறுவனம் தரவைப் பிறரிடம் தரவோ, தன்னிடம் அது இருப்பதாக விளம்பரம் செய்யவோ கூடாது. பெருந்தொற்றின் நடுவில், தரவுப் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டமே இல்லாத நாட்டில், இப்படி ஓர் ஆணை வந்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் மதிப்பு, ஆராய்வதற்குத் தடையாக இருக்க வேண்டியதில்லை.

முதலில் அடையாள நீக்கம். 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, 20 டாலருக்கு வாங்கிய வாக்காளர் பட்டியலை அதனுடன் பொருத்தி, ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவைக் கண்டெடுத்தார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றே போதுமாக இருந்தன.

இதே கணக்கைத் திருவனந்தபுரத்தின் ஒரு வாக்குச்சாவடிக்குப் போட்டுப் பார்க்கலாம். கேரள வாக்காளர் பட்டியலில் பெயரும் வயதும் பாலினமும் வீட்டு விவரமும் உண்டு. ஒரு சாவடியில் 1,200 வாக்காளர்கள் என்று கொள்வோம். 18 முதல் 90 வரை வயதுகள் 73. பாலினம் இரண்டாகக் கொண்டால் 146 பிரிவுகள். சராசரியாக ஒரு பிரிவுக்கு எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரில் மார்ச் மாதம் ஷார்ஜாவிலிருந்து திரும்பியவர் எத்தனை பேர் இருப்பார்கள்? பெரும்பாலும் ஒருவர். கொரோனா படிவத்தின் உயிர்நாடியே பயண விவரம்தான். அதை நீக்கினால் படிவத்தால் பயனில்லை, வைத்தால் பெயர் நீக்கியதால் பயனில்லை.

இதற்குக் கணிதம்கூட வேண்டியதில்லை. இத்தாலியிலிருந்து ரான்னிக்கு வந்த குடும்பத்துக்கு 2020 மார்ச்சில் நோய் உறுதியானபோது, பத்தனம்திட்டை மாவட்ட நிர்வாகம் பெயர் குறிப்பிடாமல் அவர்கள் சென்ற இடங்களை நேரவாரியாக வரைபடமாக்கி வெளியிட்டது. நோய்த் தடுப்புக்கு அது மிகவும் உதவியது. அவர்கள் யார் என்பது ஊருக்குத் தெரியாமலா இருந்தது? முகவரியே வீட்டுப் பெயரில் தொடங்கும் நாட்டில், மனிதரை அடையாளம் காட்டுவது பெயர் மட்டுமல்ல.

அடுத்து, தரவைப் பூட்டிவைக்கும் மறையாக்கம். தரவு மும்பையிலுள்ள அமேசான் சேவையகத்தில், இந்திய எல்லைக்குள்தான் இருந்தது என்று அரசுத் தரப்பு வாதிட்டது. சேவையகம் இருக்கும் ஊர் இரண்டாம்பட்சம்; திறவுகோல் யாரிடம் என்பதே முதற்கேள்வி. வட்டில் உறங்கும் தரவை எவ்வளவு வலுவாகப் பூட்டினாலும், பகுப்பாய்வு செய்பவர் அதைத் திறந்துதான் பார்க்க வேண்டும். திறப்பவரிடம் பூட்டு செல்லாது. 2020 மேயில், தரவின் கட்டுப்பாடு மாநில அரசு அமைப்பான சி-டிட் வசம் வந்துவிட்டது, நிறுவனத்திடம் எஞ்சியதை அழிக்கச் சொல்லியிருக்கிறோம் என்று அரசு உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. அழித்தார்கள் என்பதை எப்படிச் சரிபார்ப்பது? மேகக் கணிமையில் நகல்கள் பல இருக்கும். அழித்ததாகத் தரும் சான்று ஒரு வாக்குமூலம் மட்டுமே. மாறாக, முதல் நாளிலேயே திறவுகோல் அரசு அமைப்பின் கையில் இருந்து, வெளியாளுக்குத் தொகுத்த எண்ணிக்கை மட்டுமே சென்றிருந்தால், அந்த ஒரு திறவுகோலை அழிப்பதே எல்லா நகல்களையும் அழிப்பதற்குச் சமமாகியிருக்கும். இது அன்றும் கைக்கெட்டும் தொழில்நுட்பம்தான். அதே ஏப்ரலில் ஐரோப்பாவில் கார்மேலா ட்ரொன்கோசோ முதலிய ஆய்வாளர்கள், யார் யாரைச் சந்தித்தார் என்ற தரவு கைப்பேசியைவிட்டு வெளியேறாமலேயே தொடர்பைத் தடமறியும் முறையை வெளியிட்டுவிட்டார்கள்.

திறவுகோல் அரசிடம் இருந்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. 2020 ஆகஸ்டில் கேரளக் காவல்துறை, நோயாளிகளின் தொலைபேசி அழைப்பு விவரங்களைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் கேட்டது. வழக்குத் தொடுக்கப்பட்ட பிறகே, கைப்பேசிக் கோபுர இருப்பிட விவரம் மட்டும் போதும் என்று அரசு நீதிமன்றத்தில் சொன்னது. அழைப்பு விவரத்தில் ஒருவர் யாருடன், எப்போது, எவ்வளவு நேரம் பேசினார் என்பது இருக்கும். தொற்று காற்றில் பரவுகிறது, தொலைபேசியில் அல்ல. வழக்கு வராமல் இருந்திருந்தால்?

ஒப்புதலைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. ஏனெனில் அது போய்விட்டது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 7ஆம் பிரிவில், தொற்றுக்காலத்தில் சிகிச்சை, சுகாதாரச் சேவை ஆகியவற்றுக்காக ஒப்புதல் இன்றியே தரவைக் கையாள அனுமதிக்கிறது. 17ஆம் பிரிவோ, ஒன்றிய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகச் சட்டத்திலிருந்தே விலக்களிக்கிறது. 2020இல் தனிச் சட்டம் இல்லாதபோது நீதிமன்றம் கேட்ட ஒப்புதலை, சட்டம் வந்த பிறகு கேட்பது கடினமாகிவிட்டது. நெருக்கடியில் ஒப்புதல் பெறுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்பார்கள். அந்த வாதத்தில் உண்மை உண்டு: காய்ச்சலோடு கதவைத் திறப்பவர் தரும் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது? ஆனால் ஒப்புதலை எடுத்தால், அந்த இடத்தில் அதைவிடக் கடுமையான கட்டுப்பாடு ஒன்றை வைக்க வேண்டும். சட்டம் வைக்கவில்லை.

அத்தகைய கட்டுப்பாட்டுக்கு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. திருவிதாங்கூரில் அரசு அலுவலர் நாகமய்யா முன்னின்று எடுத்த 1875ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முதல், வீட்டு வாசலில் வந்து கேட்கும் அரசை இந்த ஊர் அறியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதில் சொல்ல மறுக்க முடியாது. ஒப்புதலுக்கு அங்கே இடமே இல்லை. ஆனால் 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தனியாளின் பதிவை எவரும் பார்வையிட உரிமையில்லை என்றும், அச்சட்டத்தை மீறிய குற்றம் தவிர வேறு வழக்குகளில் அதைச் சாட்சியமாக்க முடியாது என்றும் தடுக்கிறது. கட்டாயமாகக் கேட்பதற்கு ஈடாக அரசு தன் கையைக் கட்டிக்கொண்டது. காகிதப் படிவத்துக்குக் கிடைத்த இந்தக் காவல், ஆஷா பணியாளரின் கைப்பேசியில் பதிவான விடைக்கு ஏன் கிடைக்கவில்லை?

தொற்றுக்காலத் தரவுக்கும் இத்தகைய பிரிவொன்று தேவை. வேறு வழக்கில் சாட்சியமாக்கத் தடை, காவல்துறைக்குக் கைமாற்றத் தடை, வார்டு அளவிலேயே தொகுத்து எண்ணிக்கையை மட்டும் மேலே அனுப்பும் கடமை, திறவுகோலை அழிக்கும் தேதி ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். அந்தத் தேதியைப் படிவத்தின் தலைப்பிலேயே அச்சிட்டு, கேள்வி கேட்பதற்கு முன் ஆஷா பணியாளர் மலையாளத்திலும், தமிழர் வாழும் தெருக்களில் தமிழிலும் படித்துக் காட்ட வேண்டும். மக்கள் அன்று விடை சொன்னது அரசை நம்பியோ நிறுவனத்தை நம்பியோ அல்ல. வாசலில் நின்ற அந்தப் பெண்ணை, தங்கள் வார்டின் பெண்ணை, நம்பித்தான் சொன்னார்கள். அந்த விடைகள் எங்கே போகின்றன என்பதை அவருக்காவது யாராவது சொல்லியிருந்தார்களா?